எந்தப் 'பாத்து', சார்?

குந்துங்க. ஃபோன மொதல்ல உள்ள வைங்க. நேத்து சாயங்காலம் நீங்க ஏழு பேரும் அந்தச் செவலக் குதிரை மேல மாத்தி மாத்தி ஏறி ரீல்ஸ் எடுத்தத நான் பாத்துக்கினுதான் இருந்தேன். குதிரை சும்மா நின்னுக்கினு புல்லு மேயுது, மேல கீறவன் முதுக வளைச்சுக்கினு கப் அடிக்கப் போறவன் மாரி ஆக்டிங் குடுக்கறான். அந்தக் குதிரை திரும்பி ஒரு பார்வ பாத்துது. அதுக்குக் கீற வெக்கம்கூட உங்கள்ல ஒருத்தருக்கும் இல்ல.

ரெண்டு வாரம் இந்தச் சாலவாக்கம் ரோட்டுப் பண்ணைல குட்டிங்களுக்குச் சேணம் பழக்கக் கத்துக்கினு வாங்கன்னு ஜாக்கி ஸ்கூல்ல இருந்து உங்கள அனுப்பிகீறாங்க. அப்படியே சாமுவேல் மாஸ்டர் அனுபவத்தையும் கேட்டுக்கினு வாங்கன்னாங்களாம். காலைல இந்தப் பொண்ணு கேட்டுது, 'மாஸ்டர், உங்க பெரிய வின் எது?'ன்னு. ஏம்மா, ஜெயிச்ச கதைல இன்னா கீது? குதிரை நல்லா ஓடிச்சு, நான் மேல குந்தினு இருந்தேன். எல்லா ஜெயிச்ச கதையும் அவ்ளோதான்.

நானும் ஒரு பெரிய கப் அடிச்சவன்தான். எங்க ஊரு காவாந்தண்டலத்துல ஃபிளெக்ஸ் வெச்சாங்க. மூஞ்சி என்னுது, ஒடம்பு எவனோ வெள்ளைக்காரனுது, குதிரை நெட்ல இருந்து எடுத்தது. என் மூஞ்சிய வுட அத்த வெச்ச கட்சிக்காரன் மூஞ்சி மூணு மடங்கு பெரிசு. ஒரே வாரத்துல அந்த ஃபிளெக்ஸ கயட்டி எவனோ மாட்டுக் கொட்டாய்க்குக் கூரை போட்டுட்டான். அந்த மாடுங்களுக்காவது ஒதவுச்சேன்னு நான் கம்முனு இருந்துட்டேன்.

இந்தத் தொழிலுக்கு ஊர்ல கீற மரியாதையும் தெரிஞ்சுக்குங்க. திருப்புலிவனத்துல எனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப, வருங்கால மாமனாரு, 'ரேஸுக்குப் போறவனா?'ன்னு கேட்டாரு. 'போறவன் இல்ல சம்மந்தி, குதிரை ஓட்றவன்'னு எங்க நைனா சொன்னாரு. 'ரெண்டும் குடியக் கெடுக்கறதுதானே'ன்னு அந்த மனுசன் காபி கூடக் குடுக்காம அனுப்பிட்டாரு. வேற பொண்ணத்தான் கட்டினேன். இப்ப யோசிச்சா அவரு சொன்னது பாதிக்கு மேல சரிதான்.

ஒடம்பு எடை பத்தியும் ரெண்டு வார்த்த சொல்லிடறேன், ஏன்னா உங்களுக்கு இப்ப டயட்டீஷியன் கீறாங்களாமே. ஓட்ஸாம், கிரீன் டீயாம். நாங்க இட்லிய மென்னுட்டு துப்பினவங்க. நாக்குக்கு ருசி, வயித்துக்கு நாமம். சித்திர மாச வெயில்ல காரு கண்ணாடி எல்லாம் ஏத்திவுட்டு, ரெக்சின் கோட்டு மாட்டிக்கினு, எடை எறங்கறதுக்காக ரெண்டு மணி நேரம் வேத்துக்கினே கெடப்போம். அப்படிச் செஞ்சத வீரம்னு நெனச்சுக்கினு இருந்தேன். வடிகட்டின முட்டாத்தனம். என் கிட்னி இன்னிக்கும் அத்த சொல்லிக் காட்டுது.

சரி, சொல்ல வந்தது அது இல்ல. நான் சொல்லப்போறது ரெண்டே ரெண்டு வார்த்தையப் பத்தி. 'பாத்து ஓட்டு.' டூ வீலர எடுத்தா உங்க அம்மா சொல்லுவாங்க, எதிர்வூட்டு அத்த சொல்லுவாங்க, பெட்ரோல் போடறவன்கூடச் சொல்லுவான். அந்த ரெண்டு வார்த்தைதான் என் லைசென்ஸ முழுங்கிச்சு.

எனுக்கு அப்ப முப்பத்தேழு வயசு. ஏத்தம் முடிஞ்சு எறக்கத்துல போயிக்கினு இருந்த நேரம். வாரத்துக்கு எட்டு சவாரி கெடச்ச எடத்துல ரெண்டுதான் கெடைக்கும். ஒரே ஒரு ட்ரெயினரு மட்டும் கைவுடாம குடுத்துக்கினு இருந்தாரு. உடனே நல்ல மனுசன்னு நெனச்சு உருகாதீங்க. நான் எதுவும் கேக்காத ஆளு, அத்தினாலதான் குடுத்தாரு.

பேடாக் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ரேஸுக்கு முன்னாடி குதிரைங்க வட்டமா நடக்கும், நடுவுல ஓனரு குடும்பம் சென்ட் அடிச்சுக்கினு நிக்கும், வேலிக்கு வெளிய டிக்கெட் வாங்கின ஜனம் கண்ணு கொட்டாம பாக்கும். அங்க நின்னுக்கினு எந்த ட்ரெயினராவது 'இன்னிக்கு ஜெயிக்க வாணாம்'னு வாயத் தொறந்து சொல்லுவானா? எங்காளு அதுக்குன்னு ஒரு பாஷை வெச்சிருந்தாரு. ஜெயிக்கணும்னா 'ஓட்டு'ம்பாரு. அவ்ளோதான். ஜெயிக்க வாணாம், சும்மா பின்னால வா, நாலு தபா தோத்தா குதிரை மேல ஏத்தற பாரம் கொறையும், அப்பால லேசா ஜெயிச்சுக்கலாம்னா, சிரிச்சுக்கினே 'பாத்து ஓட்டு'ம்பாரு. பக்கத்துல நிக்கிற ஓனரு, 'ஆகா, பையன் மேல எம்மாம் பாசம்'னு நெனச்சுக்குவாரு. அந்தப் பாசத்துல நான் அஞ்சு குதிரைய இழுத்துப் புடிச்சிகீறேன். அத்தச் சொல்ல இன்னிக்கும் எனுக்கு நாக்கு கூசுது.

அந்த லாயத்துல ஒரு பொட்டக் குதிரை இருந்துது. பேரு ஆரஞ்ச் அம்ப்ரெல்லா. ஓனரு மருமவ வெச்ச பேரு, குதிரைக்கு அது தெரியாதது அதோட அதிஷ்டம். நாங்க கொடைன்னு கூப்புடுவோம். அத்தப் பாத்துக்கினது ஏழுமல. எங்க ஊருக்காரன், எங்க தெருவுக்கு அடுத்த தெரு. அவங்க வூட்லயும் எங்க வூட்லயும் அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டுத்தான் பொழப்பு. அவன லாயத்துல சேத்துவுட்டதே நான்தான். கொடைக்குத் தண்ணி காட்டாம அவன் நாஷ்டா துன்னமாட்டான்.

அன்னிக்குக் காலைல நல்ல மழ. மத்தியானம் வெறிச்சுடுச்சு, ஆனா டிராக் சொதசொதன்னு கீது. ரெண்டாவது ரேஸ்ல வளைவுல ஒரு குதிரை வழுக்கி, மேல இருந்தவன் கழுத்துப்பட்ட எலும்பு ஒடஞ்சுது. ஆம்புலன்ஸ் போனத நான் என் கண்ணால பாத்தேன். நாலாவது ரேஸ் எங்களுது. பேடாக்ல ட்ரெயினரு என் காலப் புடிச்சு மேல ஏத்திவுட்டாரு. நான் சேணத்து வார சரி பண்ணிக்கினு கீறேன், அவரு மூஞ்சியக்கூடப் பாக்கல. கீழ இருந்து சொல்றாரு, 'பாத்து ஓட்டு.'

நான் தலைய ஆட்டினேன்.

அந்த ரேஸ நான் ஓட்டின லட்சணத்த இன்னிக்கும் கேமராக்காரங்க எங்கியாவது வெச்சிருப்பாங்க. கேட்ல இருந்து கொடை நல்லா வந்தா. வளைவுல நாலாவதா இருந்தோம். கடைசி நானூறு மீட்டருக்குத் திரும்பினதும் முன்னால மூணு குதிரையும் தள்ளாடுது, நடுவுல லாரி போற அளவுக்கு வழி கீது. கொடை என்னக் கெஞ்சறா. வுடு, வுடுன்னு கழுத்த நீட்டி நீட்டிக் கேக்கறா. என் ரெண்டு கையும் சிமென்ட்டு போட்டா மாரி அவ கழுத்துமேல கெடக்குது. ஸ்டாண்டுல ஜனம் கத்தறது கேக்குது, எந்த வார்த்தைல திட்டறாங்கன்னுகூடப் புரியுது. கடைசில என்னையும் மீறி அவளே போனா. ஒரு கழுத்து தூரத்துல ரெண்டாவதா வந்தா. கைய வுட்டிருந்தா ஆறு குதிரை நீளத்துல ஜெயிச்சிருப்பா.

சேணத்தக் கயட்ற எடத்துல ட்ரெயினரு நின்னுக்கினு இருந்தாரு. மூஞ்சில ரத்தமே இல்ல. சேணத்த வாங்கறா மாரி கிட்ட வந்து மெதுவா, 'ஏன்டா இழுத்த?'ன்னாரு. எனுக்கு ஒண்ணியும் புரியல. 'நீங்கதான சார் பாத்து ஓட்டுன்னீங்க'ன்னேன்.

அந்த மனுசன் ஒரு நிமிசம் வானத்தப் பாத்தாரு. அப்பால என்னப் பாத்தாரு. 'மழை பெஞ்சிருக்குடா'ன்னாரு.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. சிரிக்க வேண்டிய விசயந்தான். பொறந்ததுல இருந்து அந்த ஆளு ஒரே ஒரு தபா அந்த ரெண்டு வார்த்தைய நெஜமா சொல்லிகீறாரு. டிராக் வழுக்குது, ஜாக்கிரதையா போய் ஜெயிச்சுட்டு வான்னு சொல்லிகீறாரு. நான் திருட்டு பாஷையில ஊறினவன், எனுக்குத் தமிழ் மறந்துபோச்சு. வார வுட்டுட்டு அவரு மூஞ்சியப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். இல்லியா, வாயத் தொறந்து 'எந்தப் பாத்து, சார்?'னு கேட்டிருக்கலாம். கேக்காத ஆளுன்னு பேரு வாங்கினவனாச்சே, எப்படிக் கேப்பேன்? உங்ககிட்டயும் ஒருநாள் எவனாவது இப்படி மூடி வெச்சுப் பேசுவான். ஓனரு, ட்ரெயினரு, ஜனம் எல்லார் முன்னாடியும் சத்தமா கேளுங்க, இன்னா சார் சொல்றீங்கன்னு. அந்தக் கேள்விக்கே பாதிப் பேரு ஜகா வாங்கிடுவாங்க.

பத்து நிமிசத்துல மைக்ல சொல்லிட்டாங்க, நாலாவது ரேஸுக்கு என்கொயரின்னு. ரேஸ நடத்தற அதிகாரிங்க மூணு பேரு, நடுவுல ஒரு பெரிய டிவி. முன்னால இருந்து எடுத்த படம், பக்கத்துல இருந்து எடுத்த படம், ரெண்டையும் திருப்பித் திருப்பிப் போடறாங்க. என் கைய மட்டும் பெருசு பண்ணிக் காட்டறாங்க. மொதல்ல ட்ரெயினரக் கேட்டாங்க, நீங்க இன்னா சொல்லி அனுப்பினீங்கன்னு. 'டிராக் ஈரமா இருந்துது சார், பாத்து ஓட்டுன்னு சொன்னேன். வேற எதுவும் சொல்லலை'ன்னாரு. அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல.

அப்பால என் பக்கம் திரும்பினாங்க. இப்ப என் நெலமைய யோசிச்சுப் பாருங்க. எங்களுக்குள்ள அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் சார்னு சொன்னா, அப்ப இதுக்கு முன்ன எந்தெந்தக் குதிரைன்னு கேப்பாங்க. அஞ்சும் வெளிய வரும். சொல்லலன்னா, படத்துல கீற அந்தக் கைக்கு நான் இன்னா பதில் சொல்றது? லைசென்ஸு போச்சுன்னா எனுக்கு வேற எந்த வேலையும் தெரியாது. பதினஞ்சு வயசுல இருந்து ஒரே வேல. நடுவுல குந்தினு இருந்தவரு மறுபடியும் கேட்டாரு, கடைசி நானூறு மீட்டர்ல ஒன் கை ஏன் அசையலன்னு.

'மூச்சு சார்'னேன். 'குதிரைக்கு மூச்சு இரையுது சார். அடைக்கிறா மாரி சத்தம் வந்துது. அதான் வெரட்டல.'

எம்மாம் பெரிய தியாகி பாருங்க. குதிரை மேல கருணை. ரெண்டாவது ரேஸ்ல ஒருத்தன் எலும்பு ஒடஞ்சு போனதப் பாத்துட்டு வந்தவன், தன்னக் காப்பாத்திக்க ஒரு வாயில்லாத ஜீவன் மேல சீக்க ஏத்தறான். சொல்லும்போதே எனுக்குத் தெரியும், மூச்சு கெட்ட ரேஸ் குதிரைய எவனும் வெச்சுக்கினு தீனி போடமாட்டான். வெளிய தள்ளிடுவான். தெரிஞ்சேதான் சொன்னேன்.

அவங்க ஏழுமலயக் கூப்ட்டாங்க. நான் கொஞ்சம் தைரியமாக்கூட ஆயிட்டேன், நம்ம ஊருக்காரன், நம்மளால வேலைக்கு வந்தவன்னு. அவன் கையில இன்னும் கொடையோட கயிறு, ஈரத்தோட. ரேஸ் முடிஞ்சு நீதான நடத்திக்கினு வந்த, மூச்சு எப்படி இருந்துதுன்னு கேட்டாங்க. அவன் என்ன ஒரு தபா பாத்தான்.

'பத்து எட்டு வெக்கறதுக்குள்ள அடங்கிடுச்சு சார். இருமல்கூட இல்ல. அவளுக்கு ஒண்ணியும் இல்ல சார்.'

குதிரை டாக்டரு கொடை மூக்குல கொழாய வுட்டுப் பாத்தாரு. ஒண்ணியும் தெரியல, ஆனா சில குதிரைக்கு முழு வேகத்துல ஓடும்போது மட்டுந்தான் தெரியும், அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டாரு. ஆறு மாசம் சஸ்பெண்ட் பண்ணாங்க. வெளிய வந்து ஏழுமலயப் புடிச்சு, நன்றி கெட்ட பேமானின்னு கேட்டேன். இன்னும் கேவலமாவும் கேட்டேன், பொண்ணுங்க கீறீங்க, அத்த வுடறேன். அவன் திருப்பித் திட்டல.

'உன்னக் காப்பாத்திக்க நீ இன்னா வேணா சொல்லிக்கடா'ன்னான். 'அவளச் சீக்காளின்னு சொல்லாத.'

ஊருக்கு வந்துட்டேன். மச்சான் லோடு ஆட்டோல உத்திரமேரூர் மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காயும் பூவும் ஏத்திக்கினு போனேன். காலைல வண்டிய எடுக்கும்போதெல்லாம் எம் பொண்டாட்டி வாசல்ல நின்னுக்கினு, 'பாத்து ஓட்டு'ம்பா. ஒருநாள் அவமேல நான் வுழுந்து புடுங்கினதுல அவ ரெண்டு நாள் என்கூடப் பேசல. அவளுக்குக் காரணமும் தெரியாது.

அப்பீல் போட்டேன். கேஸு எழுதிக் குடுத்தவரு சொன்னாரு, டாக்டரே அடிச்சுச் சொல்லல, அதப் புடிச்சுக்கலாம்னு. விசாரணை ஒரு திங்கக்கெழம. அதுக்கு முந்தின சனிக்கெழம கொடை ஓடறா, வேற ஒருத்தன் சவாரி. 'சனிக்கெழம அது மூச்சு வாங்கித் தோத்துடுச்சுன்னா, திங்கக்கெழம உன் லைசென்ஸ் உன் கையில'ன்னாரு. ஜெயிச்சா, நான் பொய்யன்னு ஊருக்கே தெரியும்.

அந்த வாரம் பூரா நான் ஜெபம் பண்ணேன். எங்க பாஸ்டரு ஜெபக் கூட்டத்துல, 'சகோதரனுடைய வழக்குல நீதி கெடைக்கட்டும்'னு வேண்டினாரு. பாவம், அவருக்கு இன்னா தெரியும். நான் முட்டி போட்டு வேண்டினது இதான்: ஆண்டவரே, அந்தப் பொட்டக் குதிரைக்கு மூச்சு முட்டணும். நல்லா ஓடி, நடுவுல அடைச்சு, கடைசியா வரணும். வேணும்னா கீழ வுழட்டும். ஆமா, அப்படியும் வேண்டினேன். அந்தத் தபா ஒருத்தன் மேல குந்தினு இருப்பான்றதக்கூட நெனைக்கல.

சனிக்கெழம உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல டீக்கடையில, ஃபோன சக்கர டப்பா மேல சாச்சு வெச்சுக்கினு பாத்தேன். சுத்தி நாலு பேரு, சாமு ஓட்ன குதிரையாம்னு. சினிமாவுல வர்றா மாரி, அவ வளைவு திரும்பினதும் என் மனசு மாறிடுச்சு, என்ன மறந்து கத்தினேன்னு சொல்ல எனுக்கும் ஆசதான். மாறல. கடைசி நூறு மீட்டர் வரிக்கும் நான் அவ வாயத்தான் பாத்துக்கினு இருந்தேன், எப்ப தொறப்பா, எப்ப தெணறுவான்னு. அவ காத தூக்கிக்கினு, வெளையாட வந்தவ மாரி, அஞ்சு நீளத்துல ஜெயிச்சா. மேல இருந்தவன் சாட்டைய எடுக்கவே இல்ல. டீக்கடையில நாலு பேரும் என் முதுகுல தட்னாங்க, நானே ஜெயிச்சா மாரி.

அவங்க போனப்புறம் ஏழுமலைக்கு ஃபோன் போட்டேன். என்கொயரி அன்னிக்குத் திட்டினதுக்கு அப்பால அவன்கூடப் பேசினதே இல்ல. எடுத்தான். பின்னால ஒரே சத்தம், யாரோ அவனுக்கு ஸ்வீட் குடுக்கறாங்க.

'மூச்சு எப்படி கீது?'ன்னேன்.

'நல்லாத்தான் கீது. எப்பவும் நல்லாத்தான் இருந்துது.'

'தெரியும்'னேன்.

கொடைக்கு எவனோ மாலை போடறான் போல, ஏ, காதுல படாம போடுன்னு அவன அதட்டினான். அப்பால என்கிட்ட, 'தெரியுமில்ல? அத்தத் திங்கக்கெழம அங்க போய்ச் சொல்லு'ன்னு வெச்சுட்டான்.

போய்ச் சொன்னேன். மூச்சு பொய்ன்னு சொன்னேன். எங்க பாஷையச் சொன்னேன், அஞ்சு குதிரை பேரையும் சொன்னேன். உண்மையச் சொன்னதுக்குக் கொறச்சுப் போடுவாங்கன்னு ஒரு மூலையில நெனப்பு இருந்துது, பொய் சொல்லமாட்டேன். ஆறு மாசத்த ரெண்டு வருசமா ஆக்கினாங்க. ட்ரெயினரு லைசென்ஸும் போச்சு. திரும்பி வந்தப்ப எனுக்கு முப்பத்தொம்பது. சவாரி குடுக்க ஒருத்தனும் இல்ல, வாயத் தொறக்கற ஜாக்கிய எவன் ஏத்துவான்? ஒரு வருசம் காலைல பயிற்சி ஓட்டம் மட்டும் ஓட்டிட்டு, இங்க குட்டிங்களப் பழக்க வந்துட்டேன்.

கொடை அதுக்கப்புறம் நாலு ரேஸ் ஜெயிச்சா. நாலுலயும் வேற வேற ஆளுங்க மேல இருந்தாங்க, அதுல ஒருத்தன் உங்கள மாரி அப்ரென்டிஸு. என்னால தோத்த அந்த ஒண்ணு மட்டும் ரெக்கார்டுல அவ பேர்ல அப்படியே கீது, ரெண்டாவதுன்னு.